மசாகி சுடா: நடிகராகவும் பாடகராகவும் தொடக்க ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய நடிகரும் பாடகருமான மசாகி சுடாவின் தொடக்க காலத்தைப் பற்றியது இப்பக்கம். 2008இல் ஓர் இதழ் நடத்திய போட்டியில் அவர் கலந்துகொண்டது முதல், 2019 டிசம்பர் 31 அன்று ஜப்பானின் மிகப் பெரிய ஆண்டிறுதி இசை மேடையில் பாடியது வரையிலான காலம் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. அதற்குப் பிந்தைய செய்திகள் தேவையான இடத்தில் மட்டும் வருகின்றன.

மசாகி சுடாவைத் தமிழ் ரசிகர்கள் எங்கே சந்தித்திருக்கக் கூடும்?

பெரும்பாலும் குரலாகத்தான் சந்தித்திருப்பார்கள். ஹயாவோ மியாசாகி இயக்கத்தில் 2023இல் வெளிவந்து, மறு ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற ‘தி பாய் அண்ட் தி ஹெரான்’ படத்தின் ஜப்பானிய மொழி வடிவத்தில், சிறுவனை விடாமல் சீண்டிக்கொண்டே வரும் சாம்பல் நாரைக்குக் குரல் கொடுத்தவர் இவர்தான். அனிமே ரசிகர்கள் அதற்கும் முன்பே, 2018இல் வெளியான ‘மை ஹீரோ அகாடமியா’ முதல் திரைப்படத்தின் ‘லாங் ஹோப் பிலியா’ என்ற பாடலில் அவரைக் கேட்டிருக்கலாம். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கு அவர் தம் தலைமுறையின் முன்னணி நடிகர்களில் ஒருவர்.

அவர் திரைத்துறைக்குள் வந்தது எப்படி?

1993 பிப்ரவரி 21 அன்று ஒசாகா மாகாணத்தின் மினோ நகரில் பிறந்தவர் சுடா. பள்ளிப் பருவத்திலேயே தேர்வுப் போட்டிகளில் கலந்துகொண்டார். 2008இல் ‘ஜுனோன்’ என்ற இதழ் ஆண்டுதோறும் இளைஞர்களுக்காக நடத்தும் ‘சூப்பர் பாய்’ போட்டியில் இறுதிச் சுற்றின் 12 பேரில் ஒருவராக வந்தார். அதில் அவர் பட்டம் வெல்லவில்லை. ஆனால் இத்தகைய போட்டிகளில் பட்டத்தைவிட, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் நிறுவனத்தார் கண்ணில் படுவதே முக்கியம் என்பதை ஜப்பானியக் கேளிக்கைத் துறையை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அங்கு ஒரு நடிகரின் வாய்ப்புகள், ஒப்பந்தங்கள், விளம்பரங்கள், பொதுவெளித் தோற்றம் ஆகிய அனைத்தையும் அவரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனமே கவனிக்கும். சுடா ‘டாப் கோட்’ என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் பிறகு நேரம் வீணாகவில்லை. அடுத்த ஆண்டே அவர் ஒரு தொடரின் நாயகர்களில் ஒருவராகிவிட்டார்.

‘கமென் ரைடர் டபிள்யூ’ அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியமான தொடர்?

1971 முதல் வந்துகொண்டிருக்கும் ‘கமென் ரைடர்’ வரிசை, முகமூடி அணிந்த நாயகன் தீயவர்களை எதிர்க்கும் சிறுவர் தொடர். ஆனால் ஜப்பானிய நடிகர்களைப் பொறுத்தவரை அது நடிப்புப் பள்ளியும்கூட. ஜோ ஒடகிரி, டகேரு சாதோ போன்றவர்கள் அதன் வழியாகவே வெளிச்சத்துக்கு வந்தனர். 2009 செப்டம்பர் 6 அன்று தொடங்கி 2010 ஆகஸ்ட் வரை 49 பகுதிகளாக ஒளிபரப்பான ‘டபிள்யூ’வில் சுடா பிலிப் என்ற பாத்திரத்தை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 16. அந்த வரிசையில் அதுவரை நாயகனாக வந்தவர்களில் அவரே மிக இளையவர்.

இத்தொடரின் கற்பனை சற்று விசித்திரமானது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு நாயகன். ரென் கிரியாமா நடித்த துப்பறிவாளர் ஷோதரோவும் பிலிப்பும் ஒரே நேரத்தில் உருமாறும்போது, பிலிப்பின் உடல் நினைவிழந்து கீழே சரியும். அவன் மனம் மட்டும் ஷோதரோவின் உடலுக்குள் சென்று சேரும். பாதி பச்சை, பாதி கறுப்பு என்று நிற்கும் அந்த உருவத்தின் எந்தக் கண் மின்னுகிறதோ, அந்தப் பக்கத்துக்கு உரியவன் பேசுகிறான் என்று பார்வையாளர் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட காட்சிகளில் உடைக்குள் இருப்பவர் நடிகர் அல்லர். அனுபவமிக்க ஸ்டண்ட் கலைஞர் செய்ஜி தகாய்வா அந்த உடலசைவுகளைச் செய்ய, சுடாவும் கிரியாமாவும் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலைப் பொருத்தினார்கள். தம் முகமோ உடலோ திரையில் இல்லாத சண்டைக் காட்சிகளில், ஒரு பாத்திரத்தைக் குரலால் மட்டுமே உயிரோடு வைத்திருக்கும் பயிற்சி 16 வயதுச் சிறுவனுக்கு வாரந்தோறும் ஓர் ஆண்டு முழுவதும் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் பாடகரானதையும் நாரைக்குக் குரல் கொடுத்ததையும் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஓராண்டைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பிலிப் பாத்திரத்தில் அவருடைய நடிப்பு எப்படி இருந்தது?

பிலிப் உலகின் அறிவு முழுவதையும் ஒரு பெரிய நூலகம் போல மனதில் வைத்திருப்பவன். ஆனால் தன்னைப் பற்றிய நினைவு எதுவும் இல்லாதவன். தலைமுடியில் தாள் கோக்கும் கிளிப்புகளைச் செருகிக்கொண்டு, ஏதாவது ஒரு பொருள் மனதைப் பிடித்துவிட்டால் அதைத் தவிர வேறெதையும் கவனிக்காமல் பலகைகளில் எழுதிக் குவிப்பான். தொடக்க வாரங்களில் சுடாவின் பேச்சில் தயக்கமும் கட்டுப்பாடும் தெரிகின்றன. உணர்ச்சி குறைந்த அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தியும் வந்தது. தொடர் நகர நகர பிலிப் மனிதர்களை நேசிக்கக் கற்றுக்கொள்கிறான். அதே வேகத்தில் நடிகரின் முகமும் இளகுகிறது. முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, பாத்திரம் வளர்ந்ததையும் நடிகர் வளர்ந்ததையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வது கடினமாக இருக்கும்.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த டோரி மத்சுசாகாவும் அப்போதுதான் அறிமுகமானாரா?

ஆம். 2009இல் ஞாயிறு காலை 7.30 மணிக்கு ஒளிபரப்பான ‘சாமுராய் சென்டாய் ஷின்கெஞ்சர்’ தொடரின் நாயகன் மத்சுசாகா. அது முடிந்ததும் 8 மணிக்கு அதே அலைவரிசையில் சுடா வருவார். 2017இல் இருவரும் ஒரு படத்தில் அண்ணன் தம்பியாக நடித்தார்கள். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

சிறுவர் தொடரின் நாயகன் தீவிரமான நடிகராக மாறியது எந்தப் படத்தில்?

2013 செப்டம்பரில் வெளியான ‘தொமொகுய்’ படத்தில். ஷின்யா தனகா எழுதி, ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கிய விருதான அகுதகவா பரிசைப் பெற்ற கதையை ஷின்ஜி அயோயாமா படமாக்கினார். ஷிமொனொசெகியில் 1988ஆம் ஆண்டுக் கோடையில் நடக்கும் கதை அது. உடலுறவின்போது பெண்களை அடிக்கும் பழக்கமுள்ள தந்தையுடன் வாழும் 17 வயதுத் தோமா, தன் உடம்பிலும் அதே இரத்தம்தானே ஓடுகிறது என்று அஞ்சுகிறான். அந்த அச்சம் வீணானது அல்ல என்பதைத் தன் கையாலேயே கண்டுகொள்ளும் கட்டமும் வருகிறது. ஆற்றங்கரையில் மீன் கடை நடத்தும், போரில் ஒரு கையை இழந்த தாயாக யூகோ தனகா நடித்தார்.

இந்தப் பாத்திரத்தை ஏற்றது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது. தொடரின் புகழை வைத்துக்கொண்டு பள்ளிக் காதல் படங்களில் அழகான பையனாகத் தொடர்ந்து நடிக்கும் வழி அவருக்கு முன் திறந்தே இருந்தது. சிறுவர்கள் தங்கள் நாயகனாக நினைவில் வைத்திருக்கும் முகத்தை, பார்ப்பவரை அருவருக்க வைக்கும் செயல்களுக்கு அவர் கொடுத்தார். அதையும் ஆரவாரமாகச் செய்யவில்லை. தோமா பெரும்பாலும் பேசுவதில்லை. வெயிலில் வியர்த்துக்கொண்டு, தந்தையை ஓரக்கண்ணால் அளந்துகொண்டு நிற்கிறான். அந்தப் பார்வையில் வெறுப்பும் ஈர்ப்பும் ஒருசேரத் தெரிவதுதான் இந்த நடிப்பின் பலம்.

அப்படம் லோகார்னோ திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. சுடாவுக்கு ஜப்பான் அகாடமி விருதுகளில் புதுமுக நடிகருக்கான விருது 2014இல் கிடைத்தது.

அதன் பிறகு அவர் எந்த வகைப் பாத்திரங்களை ஏற்றார்?

ஒரே வகையை அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 2014ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். மிபோ ஓ இயக்கத்தில், ஹகோதாதே நகரத்து வறுமையைப் பேசும் ‘சோகோ நொமினிதே ஹிகாரி ககயாகு’ படத்தில், தண்டனைக் காலம் முழுதும் முடியாத நிலையில் வெளியே வந்த தகுஜி என்ற இளைஞராக நடித்தார். சூதாட்ட விளையாட்டுக் கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் லைட்டர் வாங்கி, அந்த உதவிக்காகவே அவரைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துச் செல்லும் வெள்ளந்தி அவன். கோ அயானோவும் சிசுரு இகெவாகியும் சுமக்கும் இருண்ட காதல் கதைக்குள் கலகலப்பைக் கொண்டுவருபவன் அவன்தான். அதனாலேயே அவன் உடையும்போது படமும் சேர்ந்து உடைகிறது. மான்ட்ரியல் உலகத் திரைப்பட விழாவில் இயக்குநருக்கான விருது அப்படத்துக்குக் கிடைத்தது. ஆஸ்கருக்கு ஜப்பான் அனுப்பிய படமும் அதுவே.

அதே ஆண்டு கோடையில், ஆண்கள் மட்டுமே நடிக்கும் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை யுகியோ நினகவா மேடையேற்றியபோது, சுடா ரோமியோவானார். டிசம்பரில் வெளிவந்த ‘குரகெ ஹிமெ’ படத்தில் பெண் உடைகளை விரும்பி அணியும் அரசியல்வாதியின் மகனாக வந்தார். ஒரே ஆண்டில் இந்த மூன்றையும் செய்தவருக்கு வயது 21. அவ்வாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் குடும்பங்கள் பார்க்கும், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வின் காலைத் தொடர் ‘கொசிசோசான்’இல் நாயகியின் மகனாகவும் நடித்தார்.

2016இல் 9 படங்களில் நடித்தாரே, அது அவருடைய தரத்தைக் குறைக்கவில்லையா?

குறைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் ஒரே தரம் என்றும் சொல்ல முடியாது. ‘டெத் நோட்’ வரிசையின் புதிய பாகம் அவருக்குப் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மாறாக, இரண்டு பள்ளி மாணவர்கள் ஆற்றங்கரைப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் ‘செதோஉத்சுமி’ என்ற சிறிய படத்தில், ஒசாகா வட்டார வழக்கில் வளர்ந்தவருக்கே உரிய பேச்சு வேகம் முழுமையாக வெளிப்பட்டது. துணைப் பாத்திரமாக இருந்தாலும் தயங்காமல் ஏற்றது அந்த ஆண்டின் சிறப்பு. நாயகனாக மட்டுமே வருவேன் என்று இருந்திருந்தால் அந்த எண்ணிக்கையே சாத்தியமாகியிருக்காது.

அவர் பாடத் தொடங்கியது எப்போது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 2017. அது அவர் தம் சொந்தப் பெயரில் பாடிய ஆண்டு. அதற்கு முன்பே அவர் பாடியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்னொருவருடைய பெயரில்.

‘கமென் ரைடர் டபிள்யூ’வுக்காக கிரியாமாவும் அவரும் சேர்ந்து ஒரு பாடலைப் பாடினார்கள், அதை ஷோதரோவும் பிலிப்பும் பாடுவதாகவே வெளியிட்டார்கள். 2016இல் வெளியான ‘நானிமோனோ’ படத்தில், வேலை தேடுவதற்காக இசைக்குழுவை விட்டு விலகும் கல்லூரி மாணவராக நடித்தபோது மேடையில் பாடினார். 2017 ஜனவரியில் ‘கிசெகி’ படம் வந்தது. முகத்தைக் காட்டாமலே பாடிப் புகழ்பெற்ற, பல் மருத்துவர்களைக் கொண்ட ‘கிரீன்’ என்ற இசைக்குழு உருவான கதை அது. குழுவின் தலைவர் ஹிதெவாக சுடாவும், அவருடைய அண்ணனாக மத்சுசாகாவும் நடித்தனர். குழுவினராக நடித்த சுடா, ரியூசெய் யோகோஹமா, ரியோ நரிதா, யோசுகெ சுகினோ ஆகிய 4 பேரும் ‘கிரீன் பாய்ஸ்’ என்ற பெயரில் உண்மையிலேயே சி.டி. வெளியிட்டார்கள். முகம் காட்டாத குழுவின் பாடல்களை, நாடறிந்த முகங்கள் பாடின.

அடுத்தது ஒரு விளம்பரம். ‘ஏயு’ கைபேசி நிறுவனத்தின் விளம்பர வரிசையில், ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளின் நாயகர்களான மோமொதரோ, உரஷிமதரோ, கிந்தரோ ஆகியோர் நண்பர்களாக வருவார்கள். சுடா அதில் ‘ஓனி-சான்’ என்ற அரக்கன். அவ்விளம்பரத்துக்காகப் பாடிய ‘மிதகொதொமொ நாய் கெஷிகி’ என்ற பாடலே 2017 ஜூனில் அவருடைய முதல் தனிப் பாடலாக சி.டி. வடிவில் வந்தது.

ஆகவே நடிப்பில் வெற்றி பெற்ற பிறகு பக்கத் தொழிலாகப் பாட வந்தவர் என்று அவரைக் கருதுவது பொருந்தாது. பாத்திரங்கள் பாடியதால் அவரும் பாடினார்; பாடிப் பாடி ஒரு கட்டத்தில் பாத்திரத்தின் பெயர் தேவைப்படாமல் போயிற்று.

அவருடைய பாடல்களை எழுதியவர்கள் யார்?

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாடல்களைத் தம் தலைமுறையின் சிறந்த இசைக் கலைஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2018 பிப்ரவரியில் வெளியான ‘சயோனாரா எலிஜி’யை இயற்றியவர் ஹ்யூயி இஷிசாகி. ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடலாக வந்த அதை, அத்தொடரில் தெருவில் கித்தார் வாசித்துப் பாடுபவராகச் சுடாவே நடித்தும் காட்டினார். ‘லாங் ஹோப் பிலியா’வை எழுதியவர் ‘அமசராஷி’ இசைக்குழுவின் ஹிரொமு அகிதா. பாடகரும் பாடலாசிரியருமான கென்ஷி யோனெசுவுடனான தொடர்பு தனியாகச் சொல்லத் தக்கது. யோனெசுவின் 2017 நவம்பர் ஆல்பத்தில் இடம்பெற்ற ‘ஹாய்இரோ தோ ஆவோ’ என்ற பாடலை இருவரும் சேர்ந்து பாடினார்கள். சிறுவயதில் ஒன்றாகத் திரிந்து, வளர்ந்தபின் வெவ்வேறு திசையில் போய்விட்ட இருவர், ஒருவரையொருவர் நினைத்துக்கொள்ளும் பாடல் அது. யோனெசுவின் குரல் அடங்கி உள்நோக்கிப் போக, அடுத்த சரணத்தில் வரும் சுடாவின் குரல் வெளிநோக்கித் திறக்கிறது. ஒரே நினைவை இரண்டு மனிதர்கள் சுமக்கிறார்கள் என்பது இசையிலேயே கேட்கிறது. 2019இல் யோனெசு அவருக்காகவே ‘மச்சிகாய் சகாஷி’ பாடலை எழுதிக் கொடுத்தார்.

பயிற்சி பெற்ற பாடகருக்குரிய குரலா அவருடையது?

இல்லை. மேல் ஸ்தாயியில் குரல் கரகரக்கும். சில இடங்களில் உடையும். ஆனால் சொற்கள் ஒன்றுகூட விழுங்கப்படுவதில்லை. ‘சயோனாரா எலிஜி’யின் பல்லவியில் அவர் குரலை முழுவதுமாகத் தள்ளும் இடத்தைக் கேட்டால், சுத்தமான சுருதியைவிட வரியின் பொருளுக்கே முன்னுரிமை தருவது தெரியும். வசனம் பேசிப் பழகிய தொண்டை அது. அதை மெருகேற்ற வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மெருகேற்றினால் இழப்பே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

சிறந்த நடிகருக்கான விருது எந்தப் படத்துக்குக் கிடைத்தது?

2017 அக்டோபரில் இரண்டு பாகங்களாக வெளியான ‘ஆ, கோயா’ படத்துக்கு. ஷுஜி தெரயாமாவின் நாவலை, காலத்தைச் சற்றே எதிர்காலத்துக்கு நகர்த்தி, யோஷியுகி கிஷி இயக்கினார். இரண்டு பாகமும் சேர்ந்து சுமார் 5 மணி நேரம் ஓடும். சிறார் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளிவந்து பழிவாங்கும் வெறியோடு குத்துச்சண்டை மேடை ஏறும் ஷின்ஜியாகச் சுடாவும், திக்கிப் பேசும் கூச்ச சுபாவமுள்ள கென்ஜியாகக் கொரிய நடிகர் யாங் இக்-ஜூனும் நடித்தார்கள். குத்துச்சண்டை வீரனின் உடலாகவே தம் உடலை அவர் மாற்றிக்கொண்டிருந்தார். ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை பயிற்சிக்கூடத்தில் இருவரும் ஒன்றாகத் தங்கியிருக்கும் சாதாரணக் காட்சிகள்தாம். 2018 மார்ச்சில் ஜப்பான் அகாடமியின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றபோது அவருக்கு 25 வயது நிரம்பிச் சில நாட்களே ஆகியிருந்தன. அதே மாதம் முதல் ஆல்பமான ‘பிளே’ வெளியானது.

வானொலி நிகழ்ச்சியும் நடத்தினாரா?

2017 ஏப்ரல் முதல் 2022 ஏப்ரல் வரை, ‘ஆல் நைட் நிப்பான்’ என்ற புகழ்பெற்ற நள்ளிரவு நிகழ்ச்சியின் திங்கள் இரவுப் பகுதியை அவர் நடத்தினார். ஒளிபரப்பு நள்ளிரவு 1 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியும். படப்பிடிப்புகளுக்கு நடுவே 5 ஆண்டுகள் அதை நடத்தியது, ரசிகர்கள் அவரைப் பாத்திரங்களுக்கு அப்பால் நெருக்கமாக உணரப் பெரிதும் உதவியது.

இந்தத் தொடக்க காலம் எங்கே முடிகிறது?

2019இல் முடிகிறது என்று கொள்ளலாம். அவ்வாண்டு ஜனவரி முதல் மார்ச் வரை ஒளிபரப்பான ‘3-நென் ஏ-குமி’ தொடரில், பட்டமளிப்புக்கு 10 நாள் இருக்கும்போது தம் வகுப்பின் 29 மாணவர்களைப் பிணையாகப் பிடித்துவைக்கும் ஓவிய ஆசிரியராக நடித்தார். அந்த ஆசிரியர் ஒரு காலத்தில் சூப்பர் ஹீரோ உடைக்குள் நின்று சண்டைக் காட்சிகளில் நடித்தவர் என்பது கதையின் ஓர் இழை. பத்தாண்டுகளுக்கு முன் உடைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தவர், இப்போது உடைக்குள் இருந்த மனிதரின் வலியை நடித்துக் காட்டினார். ஆண்டின் கடைசி நாளில், என்.எச்.கே.யின் ஆண்டிறுதி இசை நிகழ்ச்சியான 70ஆவது ‘கோஹகு உத்த காஸ்ஸென்’ மேடையில் ‘மச்சிகாய் சகாஷி’யைப் பாடினார்.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் பார்க்க வேண்டும்?

‘சோகோ நொமினிதே ஹிகாரி ககயாகு’வில் தொடங்குங்கள்; அதில் அவர் நாயகன் இல்லை என்றாலும் பரவாயில்லை. பொறுமை உள்ளவர்கள் அடுத்து ‘ஆ, கோயா’வின் இரண்டு பாகங்களையும் இடைவெளி விடாமல் பார்க்கலாம். ‘தொமொகுய்’ வயது வந்தோருக்கு மட்டுமே உரியது. அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ‘கமென் ரைடர் டபிள்யூ’வின் முதல் இரண்டு வாரங்களை அவர்களோடு சேர்ந்து பாருங்கள்; ஒரு வழக்கு பெரும்பாலும் இரண்டு வாரங்களில் முடிந்துவிடும். பாடல்களில் ‘ஹாய்இரோ தோ ஆவோ’வை முதலிலும் ‘சயோனாரா எலிஜி’யை அடுத்ததாகவும் கேட்கலாம்.